சாயம் போகாத பனியன்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டுமுங்க, பரவால்ல. என்ன பாக்கறீங்க? ஓடறதுக்கு டீ-சர்ட்டா? ஆருக்குங்க? உங்களுக்கேவா?

சிரிக்கலைங்க. நான் எதுக்குச் சிரிக்கறேன். இந்தக் கல்லாவுல உக்காந்து நான் பாக்காத வயிறா. இப்பெல்லாம் திருப்பூர்ல பாதிப் பேரு ஓடறாங்க, மீதிப் பேரு அடுத்த மாசத்துல இருந்து ஓடப்போறேன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. முந்தியெல்லாம் ஒருத்தன் ரோட்டுல ஓடுனான்னா பின்னாடி நாய் வருதுன்னு அர்த்தம். இப்ப ஆரும் தொரத்தறதில்லை, இவங்களா ஓடறாங்க. ஓடிப்போட்டு, கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கறாங்க. கேட்டா ஒடம்புக்கு நல்லதுங்கறாங்க.

என்னது, டிரை ஃபிட்டா? அந்தப் பேச்சு இங்க வேண்டாம் தம்பி. போர்டைப் பாத்துட்டுத்தானே படியேறுனீங்க? சென்னியாண்டவர் காட்டன்ஸ். காட்டன்னு எழுதி வெச்ச எடத்துல வந்து பிளாஸ்டிக்கு கேக்கறீங்க. ஆமாங்க, பிளாஸ்டிக்குதான். உங்க கையில இருக்குதே தண்ணி பாட்டலு, அதுவும் பாலியஸ்டரும் ஒரே வம்சம். அதை உருக்கி நூலா இழுத்து, துணின்னு பேரு வெச்சு, மேல ஒரு கோடு போட்டு வித்தா, படிச்சவங்க வரிசையில நின்னு வாங்கறீங்க.

கையக் குடுங்க. இதைத் தொட்டுப் பாருங்க. இதுக்குப் பேரு துணி. காம்ப்டு காட்டன், பயோ வாஷ் பண்ணுனது. வெளிநாட்டுக்குத் தெச்ச சரக்கு, தோள்பட்டையில ஒரு தையல் வெலகியிருக்குன்னு வெள்ளைக்காரன் தள்ளிப்போட்டான். எங்க வெலகியிருக்குன்னு நீங்க பூராப் பகலும் தேடுனாலும் கெடைக்காது. எனக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டரா இருந்து, செக்கிங் பாத்து, சொந்தமா பவர்டேபிள் போட்டு நாலு பேருக்குத் தையல் வேலை குடுத்து, அப்பறம் இந்தக் கடைக்கு வந்தவன் நான். கண்ணைக் கட்டிட்டுத் துணியக் கையில குடுங்க, என்ன நூலு, என்ன மெசின்ல தெச்சதுன்னு சொல்லிப்போடுவேன். அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து ஒருத்தி டிரை ஃபிட்டுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்த ஒருத்தி கட்டுன பொண்டாட்டியா இருந்தா எப்படி இருக்கும்?

உக்காருங்க, சைசு எடுக்கறேன். எடுக்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன். நீங்களும் இப்பத்தானே ஆரம்பிக்கறீங்க, கேட்டு வெச்சுக்குங்க.

அவ பேரு சாந்தாமணி. போன வருசம் சக்கரைன்னு சொல்லிப்போட்டாங்க. டாக்டரு நடக்கச் சொன்னாரு. நடக்கறதுன்னா என்ன, சீலையக் கட்டிட்டு காலேஜ் கிரவுண்டுல நாலு பொம்பளைங்களோட பேசிக்கிட்டே சுத்தி வந்துபோட்டு, வர்ற வழியில கீரை வாங்கிட்டு வர்றது. அப்படித்தான் போயிட்டிருந்தா. நானும் ஒண்ணும் சொல்லலை. அங்க கிருஷ்ணவேணி டீச்சருன்னு ஒரு அம்மா, ஹைஸ்கூல்ல கணக்கு நடத்தறது. அது ஒரு கூட்டத்தைச் சேத்துக்கிட்டு விடிகாலையில ஓடும். இவளைப் பாத்து, ஒரு லைட்டுக் கம்பம் ஓடுங்க, அடுத்த கம்பம் நடங்கன்னு சொல்லியிருக்குது. இவளும் மறுநாளே சீலைய இழுத்துச் சொருகிட்டு ஓடியிருக்கறா. சீலை கால்ல மாட்டி விழப் பாத்தாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றா. பேரன் எடுக்கற வயசுல கம்பத்துக்குக் கம்பம் ஓடறது சிரிக்கற சமாச்சாரமாங்க?

சரி, ஓடறதுன்னு ஆயிப்போச்சு. பனியன் கடைக்காரன் பொண்டாட்டி சீலையில ஓடி விழுந்தான்னா நாளைக்கு என் மானந்தான் போகும். நானே எடுத்துக் குடுத்தேன். ஒரு குவியலையே கொட்டித் தேடி, ஆம்பளை சைசுல, தொடை வரைக்கும் எறங்கற மாதிரி ரவுண்டு நெக் பனியன் ரெண்டு. ஒண்ணுல ஒரு கை கொஞ்சம் நீளம். ஓடறப்ப ஆரு அளந்து பாக்கறாங்க? கீழ நாடா வெச்ச காட்டன் பேண்ட்டு. குடுத்தப்ப மடியில வெச்சுத் தடவிப் பாத்தா. நீங்களா எடுத்தீங்கன்னு கேட்டா. நானேதான்னேன். அன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீங்க. பட்டுச்சீலை எடுத்துக் குடுத்தப்பக்கூட அப்படி இருந்ததில்லை. அந்த சந்தோசத்தோட நின்னிருக்கலாமா இல்லையா?

நிக்கலை. மனுசனுக்கு ஆசைன்னு ஒண்ணு வந்துட்டா அதுக்குக் கால் மொளச்சுப்போகும். கம்பத்துக்குக் கம்பம் ஓடுனவ ஒரு சுத்து ஓடுனா, ரெண்டு சுத்து ஓடுனா. அப்பறம் ஆரம்பிச்சா. ஏனுங்க, பனியன் நனைஞ்சு ஒட்டுதுங்க. ஏனுங்க, வேர்வையில கனமாகி இழுக்குதுங்க. பேண்ட்டு நனைஞ்சு எறங்குது, நாடாவ ஒரு கையில புடிச்சுட்டு ஓட வேண்டியிருக்குது. தொடை உரசி எரியுது. நான் சொன்னேன், காட்டன் வேர்வையக் குடிக்கும்டீ, அதுதான் அதோட கொணம், குடிக்கலைன்னாத்தான் துணி கெட்டதுன்னு அர்த்தம். சொன்னதோட விடலை. ஒட்டுதுன்னா குடிக்கறது பத்தலைன்னுதானே அர்த்தம்? குளிர் நாட்டுக்குத் தெச்ச தடிப் பனியன் வந்திருந்துச்சு, அதுல ரெண்டு குடுத்தேன். எவ்வளவு வேர்த்தாலும் குடிக்கும். ஜமக்காளம் மாதிரி இருக்குங்க அந்தச் சரக்கு. தொழில் தெரிஞ்சவன் செய்யறது அதுதான். ரெண்டு நாள் போட்டா. மூணாம் நாள் தேங்காயெண்ணைய அள்ளிக் கக்கத்துல பூசிட்டுப் போறா. பழக்கம் பத்தலைன்னு நான் விட்டுட்டேன்.

அந்த டீச்சரு என்ன உபதேசம் பண்ணியிருக்குன்னா, எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கிக் காசைக் கரியாக்காதீங்க, இருக்கறதை வெச்சு ஆரம்பிங்க, தூரம் கூடக் கூட எங்க உறுத்துதோ அதை மட்டும் மாத்துங்கன்னு. இவளுக்கு அது வேதவாக்கு. கட்டுன நாள்ல இருந்து நான் சொன்ன எதையாச்சும் அப்படிப் புடிச்சிருக்கறாளா? வீட்டுல சும்மா உக்காந்திருக்கறப்பக்கூட அதையே சொல்லுவா. எங்க உறுத்துதோ அதை மாத்தோணுமுங்க.

ஒருநாள் காலையில கடைக்குக் கெளம்பலாம்னு வெளிய வர்றேன். கொடியில ஒண்ணு தொங்குது. சாம்பல் கலரு. காத்துல ஆடற ஆட்டத்தைப் பாத்தவுடனேயே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம வீட்டுத் துணியில்லைன்னு. கிட்டப் போயித் தொட்டேன். வழவழன்னு வெண்டைக்காய் அறுத்த கை மாதிரி. இப்பத்தான் தொவைச்சுப் போட்டேன்னா. அதுக்குள்ள காஞ்சு கெடக்குது. தண்ணியவே ஏத்துக்காததுக்குப் பேரு துணியா? ஆருகிட்ட வாங்குனேன்னு கேட்டேன். பக்கெட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. காலரைத் திருப்பி லேபிளைப் பாத்தேன்.

ரத்தினசாமி கடை.

அதோ தெரியுதே, எதுத்தாப்புல, கண்ணாடி போட்டு லைட்டு போட்டு, மூஞ்சியில்லாத பொம்மைக்கு ஷார்ட்ஸ் மாட்டி வெச்சிருக்கானே, அவந்தான். என்கூட பவர்டேபிள்ல கூட்டு வெச்சிருந்தவன். பனியனுக்கும் ஜட்டிக்கும் வித்தியாசம் தெரியாம வந்தவன், நான் கத்துக் குடுத்தேன். காட்டனுக்கு இனிக் காலமில்லை மாப்பிள்ளைன்னு சொல்லிட்டுப் பிரிஞ்சு போயி, சூரத்துல இருந்து பாலியஸ்டரு ரோல் ரோலா எறக்கித் தெச்சு விக்கறான். அவன் கடைக்கு இவ போயிருக்கறா. என் கடையத் தாண்டித்தான் போகோணும், வேற வழியே கெடையாது. நான் கல்லாவுல குனிஞ்சிருந்த நேரமாப் பாத்துத் தாண்டியிருக்கறா. மலையாட்டப் பனியன் குமிச்சு வெச்சிருக்கறவன் பொண்டாட்டி, அடுத்தவன் கடையில போயி கவர வாங்கிட்டு வந்தான்னா பஜார்ல என்ன பேசுவாங்க? அவனே பேசுனானுங்க. டீக்கடையில வெச்சு, தங்கச்சிக்கு எல் சைசு சரியா இருந்துச்சான்னு கேட்டான். நாலு பேரு முன்னாடி.

நான் கத்துனேன். ஆமா, கத்துனேன். அவ நிதானமாச் சொல்றா, உங்ககிட்ட இருந்திருந்தா உங்ககிட்டத்தானுங்க வாங்கியிருப்பேன்னு. என்ன பேச்சு பாருங்க.

அப்பறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. நாடாப் பேண்ட்டு போயி, முட்டிக்குக் கீழ நிக்கற மாதிரி ஒடம்பைக் கவ்வற ஒண்ணு. இடுப்புல போன் வெக்கப் பாக்கெட்டு வேற. போனை எடுத்துட்டு எதுக்கு ஓடறே, ஓடற எடத்துல உனக்கு ஆரு கூப்புடறாங்கன்னு கேட்டேன். காலுக்கு சாக்ஸு. காட்டன் சாக்ஸுல கொப்புளம் வருதாம். அப்பறம் உள்ளுக்குப் போடறது ஒண்ணு. அதை நான் விக்கறவந்தாங்க, கூச்சப்பட என்ன இருக்குது. நாள் பூரா பொம்பளைங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க. ஆனா சொந்த வீட்டுக் கொடியில, ஓடறதுக்குன்னே ஒண்ணு, ஆடாம அசையாமப் புடிக்கற மாதிரி பட்டையா, அது காயறதைப் பாக்கறப்ப எனக்கு என்னமோ ஆயிப்போகும். எல்லாம் மலிவு மலிவாத்தான் வாங்குனா, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். தேஞ்ச பொறவுதான் அடுத்தது. ஒவ்வொண்ணு வர்றப்பவும் என்னுது ஒவ்வொண்ணு எறங்கும். நான் குடுத்த பனியன் மொதல்ல வீட்டுல போடற துணியாச்சு. அப்பறம் பாத்தா அடுப்படியில, குக்கரு எறக்கறதுக்குக் கைப்புடித் துணி. அந்தத் தடிப் பனியன் இப்ப குளியலறை வாசல்ல கெடக்குது. நல்லாத் தண்ணி உறிஞ்சுதுங்கன்னு என்கிட்டயே சொல்றா.

எனக்கு ஆத்தாமை தாங்கலை. ஒருநாள் கேட்டுப்போட்டேன், எங்க உறுத்துதோ அதை மாத்தறேன்னு எல்லாத்தையும் மாத்திப்போட்டே, இனி மாத்தறதுக்கு நாந்தான் பாக்கின்னு. அவ கால்ல எண்ணெய் தேய்ச்சுட்டிருந்தா.

"நீங்க என்ன துணியாங்க?" அப்படின்னா. சொல்லிப்போட்டுத் தேய்க்கறா.

இந்தாங்க, இது உங்களுக்கு ஆகும். வயித்துக்கிட்ட கொஞ்சம் புடிக்கும், ஓட ஓடச் சரியாயிரும். மடிச்சு வெக்காதீங்க, வெச்சுப் பாருங்க. பேச்சுல இருந்து எங்கயோ போயிட்டேன். பந்தயம். அந்த ஓட்டப் பந்தயத்தைத்தான் சொல்ல வந்தேன்.

பத்து கிலோமீட்டரு. ஒரு ஆஸ்பத்திரிக்காரங்க நடத்துனாங்க, ஊரே தெரண்டு ஓடுச்சு. டீச்சரு கூட்டம் பூரா பேரு குடுத்துச்சு, இவளும் குடுத்தா. அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. சரி, இவ்வளவு கூத்தாயிப்போச்சு, நமக்கும் ஒரு பிரயோசனம் இருக்கட்டும். என் கையாலயே வெட்டி ஒரு பனியன் தெச்சேன் தம்பி. கடையில இருந்ததுல நெம்பர் ஒண்ணு காட்டன். வெள்ளை வெளேர்னு. முன்னாடி பின்னாடி செவப்புல ரப்பர் பிரிண்டு, சென்னியாண்டவர் காட்டன்ஸ், கீழ போன் நெம்பரு. நெஞ்சு முழுக்க நெறஞ்சு நிக்கும் எழுத்து. ரத்தினசாமி கடை வாசல் வழியாத்தான் அந்த ரூட்டு. அவன் பாக்கோணும். ஊரு பாக்கோணும்.

எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். வாங்கிப் பாத்தா. முன்னாடி தடவிப் பாத்தான்னு சொன்னேனே, அதே மாதிரி தடவிப் பாத்தா. நல்லா தெச்சிருக்கீங்கன்னா. அப்பறம் மெதுவா, இத்தனை தூரத்துக்கு இது வேண்டாமுங்க, இந்த பிரிண்டு காத்தையே விடாது, முடிச்சு வந்து மெடல் வாங்கறப்ப மேடையில இதைப் போட்டுக்கறேன்னா. என் பேரைப் போட்டுட்டு ரோட்டுல வர வெக்கமாடீன்னு கேட்டேன். இல்லைங்க, இல்லைங்கன்னா. நான் அன்னிக்குப் பூரா சோறு திங்கலை. சாயங்காலம் தட்டோட வந்து நின்னா. சரிங்க, போட்டுக்கறேன், சாப்புடுங்கன்னா. சாப்பிட்டேன்.

அன்னிக்கு ஒரே புழுக்கம். பாதியில தூத்தல் வேற போட்டுச்சு. நான் முடியற எடத்துல போய் நின்னுட்டேன், பஜார்ல தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேரைக் கூட்டிட்டு. டீச்சரு வந்துச்சு. இவளுக்குப் பின்னால ஓட ஆரம்பிச்சவங்கல்லாம் வந்துட்டாங்க. வந்தவங்க வாழைப்பழம் திங்கறாங்க, படம் புடிக்கறாங்க, இவளைக் காணோம். கூட இருந்தவன் கேக்கறான், உங்க வீட்டுல உண்மையிலயே பேரு குடுத்தாங்களா மாமான்னு. ரொம்ப நேரங்கழிச்சு வர்றா. ஓட்டமுமில்லாம நடையுமில்லாம ஒரு மாதிரி. கை ரெண்டையும் ஒடம்பைத் தொடாம அகட்டி வெச்சுட்டு. கோட்டைத் தாண்டறப்ப என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க?

இருங்க, போட்டோவே இருக்குது. அங்க காமிராக்காரன் எடுத்தது. கண்ணாடி போட்டுப் பாருங்க. தெரியுதா? ரெண்டு கையிலயும் பனியனோட முன்பக்கத்தைக் கொத்தாப் புடிச்சு, ஒடம்பை விட்டு இழுத்துப் புடிச்சுட்டு வர்றா. பேரு எங்கிருக்குது? சென்னியுமில்லை, ஆண்டவருமில்லை. பூரா அவ கை முட்டிக்குள்ள கசங்கிக் கெடக்குது. ரோடு பூராவும் அப்படியேதான் வந்தாளாம், டீச்சரு சொல்லுச்சு. ரத்தினசாமி கடை முன்னாலயும் அப்படியேதான். ஊரெல்லாம் பாக்கற நேரத்துல கட்டுனவன் பேரைக் கையில கசக்கிப் புடிச்சுட்டு வந்தா ஒருத்தி. எதுக்கு வலிக்கற மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கான்னா கேக்கறீங்க? ஓடுனா அப்படித்தான் இருக்கும். நீங்களும் ஓடிப் பாருங்க, தெரியும்.

வீட்டுல வந்து கேட்டேன். அவன் துணியப் போட்டா கைய வீசிட்டு ஓடறே, என் துணியப் போட்டா மறைச்சுப் புடிக்கறே, அப்படித்தானேன்னு கேட்டேன். அவ நின்னுட்டு கேட்டுக்கிட்டா. அப்பறம் சொன்னா, "இனி நான் ஆருகிட்டயும் எதுவும் வாங்கலைங்க. இருக்கறதே போதும்." சண்டை போட்டுச் சொன்னா பரவால்ல. தண்ணி குடுங்கன்னு கேக்கற மாதிரி சொல்றா.

அதோட போச்சுதா? இல்லை. இதுக்கு மேலதான் இருக்குது. பனியனைப் பக்கெட்டுல ஊறப் போட்டிருந்தா. பிரிண்டு எப்படி நின்னிருக்குன்னு பாக்கலாம்னு வெளிய எடுத்தேன். கக்கத்துக்கிட்ட ரெண்டு பக்கமும், மாருக்குக் கீழ ஒரு பட்டையா, செவப்பாப் படிஞ்சிருக்குது. ஓரத்துல பழுப்பாயிருக்குது. என்னடீ இதுன்னேன். திரும்பிக்கூடப் பாக்கலை, காய் அறிஞ்சுட்டே சொல்றா, "பிரிண்டு சாயம் போயிருக்குமுங்க."

சாயம் போயிருச்சாம். என் பிரிண்டு. தம்பி, இந்தப் பஜார்ல என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. கோவக்காரன்னு சொல்லுவாங்க, கஞ்சன்னு சொல்லுவாங்க, காலம் தெரியாதவன்னு சொல்லுவாங்க. சாயம் போகும்னு ஒருத்தன் சொன்னதில்லை. ஒரு பீஸு திரும்பி வந்ததில்லை. என் சோத்தைத் திங்கறவ சொல்றா. விடுவனா நான்? பனியனைக் கடைக்கே கொண்டாந்துட்டேன். பின்னாடி போயி, வெள்ளைத் துணிய நனைச்சு அந்த எழுத்து மேல வெச்சுத் தேய் தேய்னு தேய்ச்சேன். சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். அந்த வெள்ளைத் துணியச் சுடுதண்ணியில முக்கித் தேய்ச்சேன். வெள்ளைத் துணி வெள்ளையாவே இருந்துச்சு. ஒரு பொட்டுச் சாயம் எறங்கலை. வேணும்னா இப்பக்கூட எடுத்துக் காட்டறேன், இந்தக் கல்லாவுக்குக் கீழதான் வெச்சிருக்கறேன்.

அந்தச் செவப்பா? அதைப் பச்சைத்தண்ணியில அலசுனேன், போயிருச்சு. சுடுதண்ணி மொதல்லயே ஊத்தியிருந்தா புடிச்சிருக்கும், அது மேல படாமப் பாத்துக்கிட்டேன். அது எங்களுக்குப் பழக்கமுங்க. டேபிள்ல தைக்கற பிள்ளைங்களுக்கு வெரல்ல ஊசி ஏறிப்போகும், பீஸுல பட்டுரும். ஒடனே பச்சைத்தண்ணி, கொஞ்சம் உப்பு. நாந்தான் சொல்லிக் குடுப்பேன்.

என்ன பாக்கறீங்க அப்படி? சாயம் போகலைன்னு நிரூபிச்சாச்சு, அதுதானே பேச்சு. அவகிட்டப் போயிச் சொன்னீங்களான்னா? சொல்லலை. எதுக்குச் சொல்லோணும்? பொய் சொன்னவ அவ.

இப்ப எங்கிட்ட எதுவும் சொல்றதில்லை. ஓடறா, வர்றா, சோறு ஆக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. ஒட்டுதுங்க, உறுத்துதுங்கன்னு முந்தி நச்சரிச்சுட்டே இருப்பா. இப்ப ஒரு வார்த்தை கெடையாது. எனக்கு நிம்மதிதான். வர்ற ஞாயித்துக்கெழமை அடுத்த பந்தயம், இருபத்தியொரு கிலோமீட்டரு. அவ சொல்லித் தெரியலை, டீச்சரு போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. வாங்கன்னு என்னைக் கூப்புடலை. கூப்புட்டாலும் நான் போகமாட்டேன். வேலையில்லையா எனக்கு?

வாங்கமாட்டேன்னு சொன்னா, சொன்ன மாதிரியே இருக்கறா. அந்த வீம்பு இருக்குதே. இன்னும் அதே சாம்பல் பனியன்தான். ஒவ்வொரு நாளும் அதையே தொவைச்சு அதையே போடறா. நேத்துக் கொடியில கெடந்தப்ப எடுத்துத் திருப்பிப் பாத்தேன், சும்மா, எப்படித் தெச்சிருக்கான்னு பாக்கலாமேன்னு. ஓவர்லாக்கு அடிச்சு விட்டிருக்கான் நாசமாப் போறவன். உள்பக்கம் தையல் கயிறாட்டப் பொடைச்சுட்டு நிக்குது. கொஞ்ச தூரத்துக்குப் பரவால்ல, அத்தனை தூரத்துக்கு அது அரம் மாதிரி அறுக்கும். இவ அந்த எடத்துல, மருந்துக்கடையில விக்குமே பிளாஸ்திரி, அதைத் துணியோட உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கறா. நனைஞ்சா அது பத்து நிமிசம் நிக்குமா? தையல்காரன் பொண்டாட்டிக்கு அந்த அறிவுகூட இல்லை.

அதை வையுங்க தம்பி. அந்தப் பனியனைத்தான் சொல்றேன், வையுங்க. உங்க தலையில கட்டிப்போடுவேன்னு பயப்படாதீங்க. எவ்வளவு தூரம் ஓடறதா உத்தேசம்? பத்தா? அப்பறம் கூட்டுவீங்க, கூட்டாம இருக்கமாட்டீங்க, எல்லாரும் அப்படித்தான். இதை வீட்டுல போட்டுக்க வேணும்னா எடுத்துக்குங்க, ராசா மாதிரி இருக்கும். ஓடறதுக்கு இது வேண்டாம். ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. தொழில்காரன் சொல்றேன், வேண்டாம்.

எதுத்தாப்புல போங்க. ஆமா, அவன் கடைக்குத்தான். நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிராதீங்க. உங்களுக்கு வேணுங்கறதை எடுத்துக்குங்க, அந்தக் கருமத்துலயே நல்லதாப் பாத்து எடுங்க. அப்படியே ஒரு உபகாரம். இந்தாங்க காசு. லேடீஸுல ஒண்ணு, எல் சைசு. பெருசா எடுங்கன்னு தள்ளிவிடுவான், கேக்காதீங்க. தங்கச்சி சைசு அவனுக்கு ஞாபகம் இருக்கும், அதனால உங்க வீட்டுக்குன்னு சொல்லிருங்க. கலரு சாம்பல் வேண்டாம், வெள்ளை வேண்டவே வேண்டாம். அரக்கு இருந்தா எடுங்க.

கவர அங்கயே கடாசிப்போடுங்க, இங்க நம்ம கடைக் கவரு இருக்குது. லேபிளை நான் வெட்டிக்கறேன். இந்தப் பஜார்ல லேபிளு வெட்டாத சரக்கு எது இருக்குது? நம்ம கடையில புதுசா வந்துச்சுன்னு சொல்லிக்குவேன். நம்புவாளான்னா? நம்பட்டும், நம்பாமப் போகட்டும், எனக்கென்ன. பாலியஸ்டரைத் தொட்டாலே எனக்குக் கை கூசுது, அதனாலதான் உங்களை அனுப்பறேன். இல்லைன்னா நானே போயிருக்க மாட்டனா?

ஒரு நிமிசம், தம்பி. இப்ப ஃபிளாட்லாக்குன்னு ஒரு தையல் வருது, உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி பட்டையாப் படுத்திருக்கும். அதா இருக்கோணும். அவன் சொல்றதை நம்பாதீங்க. துணிய உள்பக்கம் திருப்பி, கக்கத்துக்கிட்ட தையல் மேல வெரலை அழுத்தி ஓட்டிப் பாருங்க. உறுத்துச்சுன்னா வேண்டாம்னு வெச்சுட்டு வந்துருங்க.